முதல் வீட்டு வரிக்கழிவு: ஒன்ராறியோவும் ரொறொன்ரோவும் எவ்வளவு தருகின்றன, எங்கே கைவிடுகின்றன

ஐந்துக்கு இரண்டரை. முதல் வீடு வாங்குவோருக்கு ஒன்ராறியோ மாகாணமும் ரொறொன்ரோ மாநகரசபையும் காணி மாற்ற வரியில் (வீடு கைமாறும்போது வாங்குகிறவர் கட்டும் வரி) தரும் கழிவுக்கு இதற்குமேல் போட மனம் வரவில்லை. பணம் வந்துசேரும் முறைக்கு மட்டும் புள்ளி கேட்டால் நாலரை கொடுக்கலாம். வீடு பதியும் அன்றே, கட்டவேண்டிய வரியிலிருந்து நேரே கழித்துவிடுகிறார்கள். காசோலைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தொகைக்கு இரண்டு. இது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை வாங்குகிறவருக்கு நேரகாலத்தோடு விளங்கவைப்பதற்கு ஒன்று. நம்மவர்களுக்குக் காசு போவது பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான்.

கழிவின் உச்சவரம்பு மாகாணத்தில் 4,000 டாலர். ரொறொன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாநகரசபையின் 4,475 டாலரும் சேரும். இது ஒரு வீட்டுக்கு உள்ள கணக்கு, ஆளுக்கு அல்ல. தகுதியுள்ள மூன்று சகோதரர்கள் சேர்ந்து வாங்கினாலும் மொத்தம் 8,475தான்.

வரி எப்படி ஏறுகிறது

விலையின் முதல் 55,000 டாலருக்கு அரை சதவீதம். அங்கிருந்து 250,000 வரை 1 சதவீதம், 400,000 வரை ஒன்றரை, 2 மில்லியன் வரை 2 சதவீதம், அதற்குமேல் இரண்டரை. மாகாணத்தின் இந்தப் படிகள் 2017 ஜனவரி 1 இல் வந்தவை. 2008 பெப்ரவரி 1 முதல் ரொறொன்ரோ தனியாக இன்னொரு வரி வாங்குகிறது. அதன் படிகளும் இன்று இவையே. 3 மில்லியனுக்குமேல் 2024இல் கொண்டுவந்த உயர்ந்த வீதங்கள் முதல் வீடு தேடுகிறவரின் கவலை அல்ல.

படிப்படியாகக் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. விலை 400,000க்கும் 2 மில்லியனுக்கும் இடையில் என்றால் அதன் 2 சதவீதத்திலிருந்து 3,525ஐக் கழியுங்கள். வருவது மாகாண வரி. முழுக் கழிவும் கிடைக்கிற ஒருவர் ரொறொன்ரோவுக்கு வெளியே வாங்கினால் 2 சதவீதத்திலிருந்து 7,525ஐக் கழிக்கவேண்டும். ரொறொன்ரோவுக்குள் என்றால் 4 சதவீதத்திலிருந்து 15,525.

800,000 டாலர் வீட்டில் போட்டுப் பார்ப்போம். மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கறிங், பிரம்ப்டன் என்று ரொறொன்ரோவுக்கு வெளியே எங்கே வாங்கினாலும் வரி 12,475. கழிவுபோகக் கையால் கட்டுவது 8,475. அதே விலை வீடு ஸ்காபரோவில் என்றால் இரண்டு வரியும் சேர்ந்து 24,950, கழிவுபோக 16,475. விலை ஒன்றே, வித்தியாசம் 8,000 டாலர். 550,000 டாலர் கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) ரொறொன்ரோவில் 6,475, வெளியே 3,475.

தபால் முகவரியில் ஸ்காபரோ என்று இருப்பதால் ரொறொன்ரோ வரி வராது என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். ஸ்காபரோ 1998இலேயே ரொறொன்ரோ மாநகரத்தோடு இணைந்துவிட்டது. எல்லை ஸ்டீல்ஸ் அவென்யூ. தெருவின் தெற்கே மாநகர வரி உண்டு, வடக்கே மார்க்கம், அங்கே இல்லை. மிடில்ஃபீல்ட் றோட்டிலோ மார்க்கம் றோட்டிலோ வீடு பார்க்கிறவர்கள் ஸ்டீல்ஸைத் தாண்டும்போதெல்லாம் கணக்கை மாற்றிப் போடவேண்டும். இதை மட்டும் நம்பி வடக்கே ஓடவும் வேண்டாம். வீட்டு விலையில் வரும் வித்தியாசம் இந்த 8,000ஐ விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

தொகைக்கு இரண்டு புள்ளி கொடுத்ததற்குக் காரணம் இதுதான்: மாகாணத்தின் 4,000 டாலர் 368,333 டாலர் விலைவரை வரியை முழுதாக இல்லாமல் செய்கிறது, மாநகரசபையின் 4,475 சரியாக 400,000 வரை. இரண்டு உச்சவரம்பும் 2017இல் வைத்தவை. அதன்பின் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, கழிவு நின்ற இடத்திலேயே நிற்கிறது. 368,333க்கு ஸ்காபரோவில் தனிவீட்டின் படத்தைக்கூடப் பார்க்கமுடியாது. வரிவிலக்கு என்று தொடங்கிய ஒன்று இப்போது வெறும் தள்ளுபடி.

மற்ற மாகாணங்களோடு வைத்துப் பார்த்தால் குறை இன்னும் தெளியும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 ஏப்ரல் 1 முதல், 835,000 டாலர் வரையான முதல் வீட்டுக்கு விலையின் முதல் 500,000க்கு வரி இல்லை. அங்கே 800,000 டாலர் வீட்டுக்கு வரி 14,000, சலுகை 8,000, கட்டுவது 6,000. அல்பேர்ட்டாவில் இந்த வரியே இல்லை, பதிவுக் கட்டணம் மட்டும். ரொறொன்ரோவில் வாங்குகிறவர் இரண்டு சலுகையும் பெற்றபிறகு 16,475 கட்டுகிறார்.

ஊரில் உள்ள வீடு

மாகாணத்தின் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 18 வயதாகியிருக்கவேண்டும். கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். பதிவிலிருந்து 9 மாதத்துக்குள் அந்த வீட்டில் குடியேறி அதையே முதன்மை வதிவிடமாக்கவேண்டும். உலகில் எங்கேயும் எப்போதும் வீடோ, வீட்டில் ஒரு பங்கோ சொந்தமாக இருந்திருக்கக்கூடாது. கணவனோ மனைவியோ, உங்கள் துணையாக இருக்கும் காலத்தில், அப்படி ஒன்றை வைத்திருந்திருக்கவும் கூடாது. மாநகரசபையும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது.

‘உலகில் எங்கேயும்’, ‘எப்போதும்’. படிவத்தில் சின்னதாக இருக்கும் இந்த இரண்டு சொல்லும் ரொறொன்ரோத் தமிழரைப் பிடிக்கிற அளவுக்கு வேறு யாரையும் பிடிக்குமா என்பது சந்தேகம். யாழ்ப்பாணத்தில் மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதுவது பெருவழக்கம். உறுதி அவள் பெயரில் முடிந்திருக்கும். அவள் ஒரு நாளும் அங்கே தனிக்குடித்தனம் நடத்தியிருக்கமாட்டாள், தாய் தகப்பனே இருந்திருப்பார்கள், வாடகையும் வந்திராது. ஒன்ராறியோவுக்கு அதெல்லாம் பொருட்டல்ல. அவள் வீட்டுக்காரி. ஆகவே அவளுக்குக் கழிவு இல்லை. மணமான நாளிலிருந்து அந்த வீடு அவள் பெயரில் இருப்பதால் அவள் கணவனுக்கும் இல்லை.

இங்கே வழமையாகச் சொல்லப்படும் யோசனை, ‘அப்ப வீட்டை அவற்ற பேரில மட்டும் பதிவம்’ என்பது. பலிக்காது. துணையைப் பற்றிய நிபந்தனை பத்திரத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. துணை இன்னும் இலங்கையில் இருந்து ஸ்பொன்சர் கடிதத்துக்குக் காத்திருந்தாலும் துணை துணைதான்.

பெற்றோர் சீவிய உருத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதியிருந்தால், ‘வீடு இன்னும் அம்மாவின்ர’ என்று பிள்ளை நினைப்பது இயல்பு. ஆதனம் பிள்ளைக்குப் போய்விட்டது. தாய்க்கு இருப்பது வாழும்வரை அனுபவிக்கும் உருத்து. தகப்பன் மரணசாதனம் எழுதாமல் இறந்து, முதுச வீடு சகோதரர்களுக்குள் பிரிபடாமல் கிடந்தாலும் ஆளுக்கொரு பங்கு உண்டு. பரம்பரைச் சொத்தாக வந்ததும், இனாமாக வந்ததும், காசு கொடுத்து வாங்கியதும் இந்த விதிக்கு ஒன்றுதான். வெறுங்காணி, வயல், தோட்டக்காணி கணக்கில் வராது. பார்ப்பது வீட்டை மட்டும். போரில் இடிந்துபோன வீடு, பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடு, முன்பே விற்ற வீடு ஆகியவற்றில் ‘எப்போதும்’ என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். அப்படி ஒன்று இருந்தால் உறுதியின் பிரதியை லோயரிடம் காட்டி, அவர் முடிவு சொன்னபிறகு மட்டும் கழிவைக் கேளுங்கள்.

‘ஊர் வீட்டை இங்க ஆர் பாக்கப்போகினம்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழிவு கேட்பது சத்தியக்கூற்றுக்குச் சமமான ஒரு பிரகடனம். பொய்யென்று தெரிந்தால் கழித்த வரியை வட்டியோடு கேட்பார்கள், தண்டமும் வரும். அந்த வீடு வாடகைக்கு விடப்பட்டு, வெளிநாட்டுச் சொத்துகளின் கொள்விலை 100,000 டாலரைத் தாண்டுவதால் நீங்களே வருமான வரிக்கு டி1135 படிவம் நிரப்பியிருந்தால், ‘வீடே இல்லை’ என்ற கூற்றுக்கு எதிரான சாட்சியும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

துணை விடயத்தில் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ கல்யாணத்துக்கு முன்னர் ஒரு கொண்டோ வைத்திருந்து, அதைக் கல்யாணத்துக்கு முன்னரே விற்றுக் குளோசிங்கும் (உரிமை கைமாறுவதும்) முடிந்திருந்தால், மற்றவருக்கு முதல் வீட்டுத் தகுதி கெடாது. விற்பனை ஒப்பந்தம் கல்யாணத்துக்கு முன்னும் குளோசிங் பின்னும் வந்தால் கெட்டுவிடும். மண்டபம் பதிவுசெய்யும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்! ஆனாலும் 8,475 டாலர் விடயம்.

அப்பாவின் பெயரையும் போடலாமா

பிள்ளையின் வருமானத்துக்கு வங்கி போதிய மோட்கேஜ் (வீட்டுக் கடன்) தராது. ‘அப்பாவையும் டைட்டிலில் போடுங்கோ’ என்று மோட்கேஜ் முகவர் சொல்வார், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தில் அவர் பெயரும் வரட்டும் என்று. அப்பாவுக்கு ஏற்கெனவே வீடு உண்டு. இருவரும் ஜொயின்ட் டெனன்ற்ஸ் என்று பதிந்தால் பங்கு பாதிக்குப் பாதி. கழிவும் பிள்ளையின் பாதிக்கு மட்டும்: மாகாணத்தில் 2,000, ரொறொன்ரோவில் 2,237.50. அந்த ஒரு பெயரால் போனது 4,237.50.

வழிகள் உண்டு. முதலாவது, அப்பா டைட்டிலுக்கு வராமல் மோட்கேஜுக்குப் பிணையாளியாக மட்டும் கையெழுத்திடுவது. கடனுக்குப் பிணை நிற்பவர் வீட்டுக்காரர் ஆவதில்லை, கழிவு முழுதாக வரும். சில வங்கிகள் இதற்கு ஒப்புக்கொள்ளா. அப்போது இரண்டாவது வழி: டெனன்ற்ஸ் இன் கொமன் (வேறுவேறு அளவில் பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்கள்) என்று பதிந்து, பிள்ளைக்கு 99 சதவீதம், அப்பாவுக்கு 1 சதவீதம். கழிவு 3,960, ரொறொன்ரோவில் இன்னும் 4,430.25. இதற்கும் வங்கியின் சம்மதம் வேண்டும். ஆகவே மோட்கேஜ் முகவர், வங்கி, லோயர் மூவரும் ஒரே பங்கைப்பற்றித்தான் பேசுகிறார்களா என்பதைக் குளோசிங்குக்குச் சில வாரம் முன்பே உறுதிப்படுத்துங்கள். கடைசி வாரத்தில் வங்கியின் அறிவுறுத்தல் கடிதம் வந்தபிறகு பங்கை மாற்றப்போனால் நாளே தள்ளிப்போகும்.

பாதிப் பங்கோடு அப்பாவைப் பதிந்துவிட்டுச் சில வருடத்தில் வெளியே எடுக்கிறவர்களுக்கு வேறொரு செலவு காத்திருக்கிறது. அப்பா தன் பங்கை ‘அன்பின் பேரில்’ சும்மா கொடுத்தாலும், அந்தப் பங்குக்குரிய மோட்கேஜைப் பிள்ளை ஏற்பதை வரிச்சட்டம் விலை கொடுத்ததாகவே எடுக்கும். கடன் 600,000 மிச்சம் என்றால் பாதிப் பங்கின் விலை 300,000. மாகாண வரி 2,975, ரொறொன்ரோவில் மேலும் 2,975. இம்முறை முதல் வீட்டுக் கழிவும் இல்லை. அப்பாவின் பாதி அவருடைய முதன்மை வதிவிடம் அல்லாததால், விலை ஏறியிருந்தால் அவருடைய வருமான வரியில் மூலதன ஆதாயமும் வந்து உட்காரும். கணவன் மனைவிக்கிடையில் மோட்கேஜை ஏற்பதைத் தவிர வேறு காசு கைமாறாத மாற்றத்துக்கு இந்த வரி இல்லை. தகப்பன் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெயர் போடுவதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மாணவர் விசாவிலோ வேலை அனுமதியிலோ இருக்கும் தம்பியின் பெயரை 1 சதவீதத்துக்குக்கூடப் போடாதீர்கள். குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவர் வாங்குவோரில் ஒருவராக இருந்தால், ஒன்ராறியோவின் வெளிநாட்டவர் ஊக வரி அவருடைய பங்குக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் விழும். 2022 அக்டோபர் 25 முதல் அது 25 சதவீதம், மாகாணம் முழுவதும். 800,000 டாலர் வீட்டுக்கு 200,000 டாலர். 2025 ஜனவரி 1 முதல் ரொறொன்ரோ தன் பங்குக்கு இன்னும் 10 சதவீதம் சேர்த்திருக்கிறது. அகதி அந்தஸ்து ஏற்கப்பட்டவருக்கும், குடியுரிமையுள்ள துணையோடு சேர்ந்து வாங்குகிறவருக்கும் மாகாண வரியில் விலக்கு உண்டு. வரி கட்டியவர் நாலு வருடத்துக்குள் நிரந்தர வதிவுரிமை பெற்றால் திருப்பிக் கேட்க வழியும் இருக்கிறது. மத்திய அரசின் வெளிநாட்டவர் தடைச்சட்டம் 2027 ஜனவரி 1 வரை தனியாக நிற்கிறது, அதற்கும் அதன் விலக்குகளுக்கும் வேறு கணக்கு. லோயரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். வீட்டின் விலைகூட அதற்குப் பிறகு.

குளோசிங் நாளில் கையில் இருக்கவேண்டியது

காணி மாற்ற வரியை மோட்கேஜில் சேர்க்கமுடியாது. பதிவுக்கு முன் லோயரின் நம்பிக்கைக் கணக்கில் காசாக இருக்கவேண்டும். முற்பணத்தை மட்டும் சேமித்தவர்கள் கடைசிக் கிழமையில் கடனட்டையைத் தேடுவது இதனால்தான்.

800,000 டாலர் வீட்டுக்குச் சட்டப்படி மிகக்குறைந்த முற்பணம் 55,000: முதல் 500,000க்கு 5 சதவீதம், மிச்ச 300,000க்கு 10 சதவீதம். 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போடுவதால் மோட்கேஜ் காப்புறுதி கட்டாயம். 25 வருடக் கடனுக்குக் கட்டணம் 745,000இன் 4 சதவீதம், 29,800 டாலர். இதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். சேர்க்கமாட்டாதது அந்தக் கட்டணத்தின்மேல் ஒன்ராறியோ விதிக்கும் 8 சதவீத விற்பனை வரி: 2,384 டாலர், கையால். ஸ்காபரோ வீட்டுக்குக் கூட்டிப் பாருங்கள்: 55,000, வரி 16,475, இந்த 2,384. மொத்தம் 73,859. லோயர் கட்டணம், டைட்டில் காப்புறுதி, விற்பவர் முன்கூட்டிக் கட்டிய சொத்துவரிக்கான சரிக்கட்டல், ரொறொன்ரோ எடுக்கும் சிறு நிர்வாகக் கட்டணம் எல்லாம் இதற்குமேல்.

இணையத்தில் கிடைக்கும் வரிக் கணிப்பான்களில் ‘முதல் வீடு’ என்ற பெட்டியில் சரி போட்டால் முழுக் கழிவும் கழிந்து வரும். பங்கைப் பற்றியோ துணையைப் பற்றியோ பல கேட்பதே இல்லை. அந்த எண்ணை வைத்துக் காசு திரட்டாதீர்கள். தகுதியில் சின்ன ஐயம் இருந்தாலும் கழிவு இல்லை என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

புது வீடு என்றால் காணி மாற்ற வரி, எச்.எஸ்.ரி. என்னும் விற்பனை வரி நீங்கலான விலைக்குத்தான். கட்டுநர்கள் எச்.எஸ்.ரி.யையும் உள்ளடக்கி விலை சொல்வதால் கணிப்பான் கூடுதலாகக் காட்டும். மறுபக்கம், நீங்கள் கேட்டுச் செய்வித்த சமையலறை மேம்பாடுகளும் வாங்கிய கார் தரிப்பிடமும் விலையில் சேரும். கட்டி முடியாத கொண்டோவின் ஒப்பந்தத்தை இன்னொருவரிடமிருந்து அசைன்மென்ற் முறையில் வாங்கினால், கட்டுநரின் விலையோடு முந்தியவருக்குக் கொடுத்த இலாபமும் சேர்த்தே வரி.

கேட்கும் முறையும் தவறும் இடங்களும்

கேட்பது சுலபம். லோயர் உங்களிடம் அடையாள ஆவணத்தையும் வதிவுரிமை ஆதாரத்தையும் வாங்கி, தகுதிப் பிரகடனத்தில் கையெழுத்து எடுப்பார். பதிவு நாளில் டெராவியூ என்னும் மின்பதிவு முறையில் உரிமை மாற்றத்தைப் பதியும்போது கழிவுக் கூற்றையும் சேர்த்துவிடுவார். மாகாண வரி, மாநகர வரி இரண்டும் அங்கேயே குறைந்துவிடும். அரச சேவை ஒன்று இவ்வளவு சத்தமில்லாமல் நடப்பது அபூர்வம் என்பதால்தான் அந்த நாலரை.

அதிகம் தவறுவது 9 மாத விதியில். வாடகைக்காரர் இருக்கும் வீட்டை வாங்கி, ‘பிறகு எழுப்பலாம்’ என்று விடுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். சொந்தத் தேவைக்காக எழும்பச் சொல்லும் என்12 அறிவித்தலுக்கு 60 நாளாவது வேண்டும், பெரும்பாலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் கொடுக்கவேண்டிவரும். அவர் மறுத்தால் விவகாரம் வாடகைச் சபைக்குப் போகும், அங்கே மாதங்கள் ஓடிவிடும். வாங்கும் ஒப்பந்தத்திலேயே வீடு வெறுமையாக ஒப்படைக்கப்படவேண்டும் என்று எழுதுவிப்பதே புத்தி. பேஸ்மென்ற்றில் மட்டும் வாடகைக்காரர், மேலே நீங்கள் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு குடியிருப்புள்ள வீடும் கழிவுக்குத் தகுதியானதே.

புதிய கொண்டோவில் சாவி முதலில் வரும், டைட்டில் மாதங்கள் கழித்துப் பதிவாகும். வரியும் கழிவும் 9 மாதமும் பதிவு நாளிலிருந்தே. முதலீடாக வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு முதல் வீட்டுக் கழிவையும் கேட்பது மாகாணம் தேடிப்பிடிக்கிற வகைத் தவறு. குடியேறியதும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகவரியை மாற்றி, மின்சார, எரிவாயு பில்களை உங்கள் பெயருக்கு எடுங்கள். நிதி அமைச்சு பின்னொரு நாள் கேட்டால் காட்ட அவைதான் உதவும்.

காணி மாற்ற வரிக் கழிவு கிடைக்காதவர்கள் மத்திய அரசின் சலுகைகளையும் சேர்த்துக் கைவிடுவது இன்னொரு தவறு. அங்கே ‘முதல் வீடு’ என்பதற்குப் பொருள் வேறு. எஃப்.எச்.எஸ்.ஏ. என்னும் முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கைத் திறப்பதற்குப் பார்ப்பது, இந்த வருடத்திலும் முந்திய நாலு வருடத்திலும் உங்களுக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் முதன்மை வதிவிடமாக வாழ்ந்தீர்களா என்பதை. சீதன வீடு பெயரில் இருந்தும் பத்து வருடமாக ரொறொன்ரோவில் வாடகைக்கு இருக்கும் தம்பதி ஒன்ராறியோவில் தோற்று, இங்கே வெல்வார்கள். கணக்கில் வருடத்துக்கு 8,000, வாழ்நாளில் 40,000 டாலர் வரை போடலாம்; போடும்போது வரி குறையும், வீட்டுக்கு எடுக்கும்போது வரி இல்லை. ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து வீட்டுக்கென எடுக்கும் வரம்பு 2024 ஏப்ரல் 16 முதல் ஆளுக்கு 60,000. போட்ட பணம் 90 நாளாவது அங்கே கிடந்திருக்கவேண்டும், பிறகு 15 வருடத்தில் திருப்பிக் கட்டவேண்டும். எஃப்.எச்.எஸ்.ஏ.க்கு அந்த 90 நாளும் இல்லை, திருப்பிக் கட்டலும் இல்லை. ஆகவே முதலில் அதை நிரப்புவதே சரி. வீடு வாங்கிய வருடத்து வரிப் படிவத்தில் 31270ஆம் வரியில் 10,000 டாலர் போட மறக்காதீர்கள். அது வரியில் 2025க்கு 1,450 டாலரும் 2026இலிருந்து 1,400 டாலரும் மிச்சம் பிடித்துத் தரும்.

லோயர் பதிவு நாளில் கழிவைக் கேட்க மறந்திருந்தாலோ, அப்போது நிரந்தர வதிவுரிமை கைக்கு வந்திராவிட்டாலோ, முழு வரியையும் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்கலாம். மாகாணத்துக்கு ஒஷாவாவில் உள்ள நிதி அமைச்சுக்கும், ரொறொன்ரோ வரிக்கு மாநகரசபைக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கவேண்டும். சத்தியக்கடதாசி, பதிந்த உரிமை மாற்றப் பத்திரம், வாங்கும் ஒப்பந்தம், சரிக்கட்டல் கணக்கு, குடியிருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை இணையுங்கள். அகதி அந்தஸ்து ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமைக்குக் காத்திருக்கும்போதே வீடு வாங்கியவர்கள் இதைக் குறித்துவைக்கவேண்டும்: வதிவுரிமை வருவதும் விண்ணப்பம் போவதும் 18 மாதத்துக்குள் முடியவேண்டும். அந்த 18 மாதம் தொடங்குவது வீடு பதிந்த நாளிலிருந்து. குடிபுகுந்த நாளிலிருந்து அல்ல.